ஆங்கில வகுப்பில் ஒரு குப்பைக் கணக்கு

(பொன்விழா ஆண்டையொட்டி நம் சங்கத்தில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)





எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. கடையில் நின்று பேசித்தான் பழக்கம். என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். உணவுக் கடைகளுக்கும் விருந்துகளுக்கும் வேண்டிய பிளாஸ்டிக் தட்டு, கிண்ணம், கரண்டி, சாப்பாட்டுப் பெட்டி, பை எல்லாவற்றையும் மொத்தமாக விற்கிறேன். வாப்பா தொடங்கிய கடை. அப்படிப்பட்ட என்னைச் சுற்றுப்புறப் பொறுப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கறிக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காய்கறியின் மகிமையைப் பேசச் சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

அழைத்ததற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளாக நம் ஞாயிறு ஆங்கில வகுப்பில் நான் ஆசிரியைக்கு உதவியாளனாக இருக்கிறேன். அவர் பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவர். நான் நாற்காலி போடுபவன், தாள் நகல் எடுப்பவன், பிள்ளைகளைக் கணக்கெடுத்து வீட்டுக்கு அனுப்புபவன். ஆகவே நான் கண்டதைச் சொல்கிறேன். கல்வி நிபுணர் பேசுகிறார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு நல்ல ஆங்கிலம் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நாம் வாழும் இந்தச் சின்னத் தீவைப் பாழாக்காமல் காக்கும் பொறுப்பும் அவர்களுக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தோம், இரண்டிலும் தோற்றோம். சேர்த்துச் சொல்லிக்கொடுத்தபோது ஓரளவு வென்றோம். அந்தக் கதையை, தோற்ற பகுதியையும் சேர்த்து, சொல்கிறேன்.

எனக்கு ஆங்கிலம் வந்த விதம்

எங்கள் வீட்டில் தமிழ்தான். பள்ளியில் ஆங்கிலப் பயிற்சித்தாள்களில் கோடிட்ட இடத்தை நன்றாகவே நிரப்புவேன். ஆனால் நான்கு பேர் முன்னால் நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் கை வியர்த்துவிடும். பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறையில் பட்டயப்படிப்புப் படித்தேன். இறுதி ஆண்டில் எங்கள் குழுவுக்கு ஒரு செயல்திட்டம் தந்தார்கள். ஒரு கிடங்கில் சரக்கு எடுக்க ஊழியர்கள் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்து, அதைக் குறைக்க வழி சொல்லவேண்டும். அதையும் அந்தக் கிடங்கின் மேலாளர் முன்னால் நின்று விளக்கவேண்டும்.

நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் இடைமறித்தார். "இந்த அலமாரியை நீங்கள் சொல்கிற இடத்துக்கு மாற்றினால் தீயணைப்புப் பாதை என்ன ஆகும்?" என்றார். இலக்கணம் சரியா என்று யோசிக்க நேரமில்லை. அந்த அலமாரியை நான் அளந்திருந்தேன், அதனால் எனக்குப் பதில் தெரியும். கேட்பவருக்கு என் பதில் தேவை. நான் சொல்வதைப் பொறுத்து அந்த அலமாரி நகரும் அல்லது நகராது. அப்படியே பேசிவிட்டேன். தப்பும் தவறுமாகத்தான் பேசினேன், ஆனால் அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். எனக்கு ஆங்கிலம் வந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

கல்வித் துறையில் இதைச் செயல்திட்டவழிக் கற்றல் என்கிறார்கள். இது நேற்று வந்த புதுமை அல்ல. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டிலேயே செயல்திட்ட முறையைப் பற்றி எழுதியிருக்கிறார். பாடம் முழுவதையும் நடத்தி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு மாதிரி செய்துவரச் சொல்வதைச் செயல்திட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். முறை அதற்கு நேர்மாறானது. முதலில் ஓர் உண்மையான கேள்வி வேண்டும். அதற்கு விடை தேடிப் போகும் வழியில் பாடத்தைக் கற்கவேண்டும். கண்டுபிடித்ததை, வகுப்புக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம், அதைக் கேட்டு ஏதாவது செய்யக்கூடிய ஒருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லவேண்டும்.

இது தெரிந்திருந்தும் முதல் ஆண்டில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா?

பனிக்கரடியும் நுரைப்பலகையும்

"பூமியைக் காப்போம்" என்று ஒரு தலைப்புக் கொடுத்தோம். சுவரொட்டி செய்து வரச் சொன்னோம். எல்லாரும் செய்து வந்தார்கள். எங்கு பார்த்தாலும் பனிக்கரடி. நம் பிள்ளைகளில் பலரின் வீட்டுக்குக் கீழேயே நீல நிற மறுசுழற்சித் தொட்டி இருக்கிறது. அதைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. ஒரே வாக்கியம் மூன்று சுவரொட்டிகளில் எழுத்துப் பிசகாமல் இருந்தது. இணையம் மூவருக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்திருக்கிறது. சில சுவரொட்டிகளைப் பார்த்தவுடனே தெரிந்தது, அது வாப்பாவோ உம்மாவோ இரவு ஒரு மணி வரை விழித்திருந்து செய்தது என்று. பெயர் சொல்லமாட்டேன், ஆனால் சிலர் இப்போது தரையைப் பார்க்கிறீர்கள்.

கண்காட்சி முடிந்தது. மறுநாள் துப்புரவு செய்ய வந்த அம்மா, நுரைப்பலகையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்ட இருபது சுவரொட்டிகளைக் காட்டி, "இதையெல்லாம் எங்கே போடுவது?" என்று கேட்டார். குப்பையைக் குறைக்கச் சொன்ன சுவரொட்டிகள் அத்தனையும் குப்பையில் போயின. அந்த நுரைப்பலகைகளை அடக்க விலைக்குக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். ஆசிரியை என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று அவர் சொன்னார்: "நாம் தலைப்புக் கொடுத்தோம், கேள்வி கொடுக்கவில்லை. இனிமேல் இணையத்தில் விடை இல்லாத ஒரு கேள்வி வேண்டும்."

கல்வி அமைச்சு 2021ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கென்று சூழல் பொறுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். பாடத்திட்டம், பள்ளி வளாகம், பண்பாடு, சமூகம் என்று அதற்கு நான்கு கால்கள். முதல் மூன்றையும் பள்ளி பார்த்துக்கொள்ளும். நான்காவது காலைப் பிடிக்க நம்மைப் போன்ற சங்கங்களும் வேண்டும். ஆகவே நம் சங்கத்துக்குள்ளேயே கேள்வியைத் தேடினோம்.

கேள்வி இதுதான்: நோன்பு மாதத்தில் நம் சங்கம் நடத்தும் நோன்பு துறப்பு நிகழ்ச்சியில் என்னென்ன வீணாகிறது? அதில் எதை அடுத்த ஆண்டு குறைக்கலாம்?

குப்பை எங்கே போகிறது?

இரண்டாம் ஆண்டின் முதல் வகுப்பில் ஆசிரியை பிள்ளைகளிடம் கேட்டார்: "நாம் வீசுகிற குப்பை எங்கே போகிறது?" பிள்ளைகள் ஒரே குரலில், "கீழே போகிறது" என்றார்கள். அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? குப்பைத் துவாரத்தில் போட்டால் கீழே போகிறது. "அதற்குப் பிறகு?" என்றார். அமைதி.

படங்களைக் காட்டினோம். நம் வீட்டுக் குப்பை எரிஆலைக்குப் போகிறது. எரித்தால் அதன் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது. மிஞ்சும் சாம்பலையும் எரிக்க முடியாத பொருள்களையும் துவாஸிலிருந்து கடல் வழியாகச் செமாக்காவுக்குக் கொண்டுபோகிறார்கள். செமாக்காவ், சாக்கெங் என்ற இரண்டு தீவுகளுக்கு அருகே, கடலில் 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைக் கரை கட்டி உருவாக்கிய இடம் அது. 1999ஆம் ஆண்டில் திறந்தார்கள். நம் நாட்டில் குப்பையைக் கொட்டி நிரப்புவதற்கு இருப்பது அந்த ஓர் இடம்தான். இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் அது நிறைந்துவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு.

தொடக்கநிலை 5 படிக்கும் ஒரு மாணவி விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "அப்போது எனக்கு 22 வயதுதான் ஆகியிருக்கும்" என்றாள். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார் ஆசிரியை. எதிர்காலத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிந்துவிடப் போகும் செயலைச் சொல்லும் வாக்கிய அமைப்பு அது. பயிற்சித்தாளில் பத்து முறை எழுதியும் அவளுக்கு வராதது அன்று வந்தது. ஏனென்றால் அது அவளுடைய வயது.

தராசு சொல்லிக்கொடுத்த இலக்கணம்

நோன்பு துறப்பு அன்று மாலை, மக்ரிப் தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். என் கடைத் தராசை எடுத்து வந்திருந்தேன். சில தாய்மார்களுக்கு அது பிடிக்கவில்லை. "ஆங்கிலம் படிக்க அனுப்பினால் எச்சில் சோற்றை நிறுக்கச் சொல்கிறீர்களே" என்று ஒரு லாத்தா என்னிடம் நேரடியாகவே கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதற்குப் பதிலாக அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

சுமார் 300 பேர் வந்திருந்தார்கள். பிள்ளைகள் எண்ணிய தண்ணீர்ப் பாட்டில்கள் 340. அவற்றில் 118 பாட்டில்களில் தண்ணீர் மிச்சம் இருந்தது. சில பாட்டில்களில் ஒரு மிடறுதான் குடித்திருந்தார்கள். மிச்சத்தை வாளிகளில் ஊற்றினோம். நான்கு வாளி நிறைந்தது. வீணான சோறு 19 கிலோ.

ஒரு மாணவன் தன் தாளில் 'டூ மச் பாட்டில்ஸ்' என்று எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையை எடுக்கவில்லை. "பாட்டிலை எப்படிக் கணக்கெடுத்தாய்?" என்று கேட்டார். "எண்ணினேன்." "சோற்றை?" "எண்ண முடியாது டீச்சர், நிறுத்தோம்." "அப்படியானால் இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துமா?" அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே திருத்தினான். எண்ணக்கூடிய பாட்டிலுக்கு 'மெனி', 'ஃபியூவர்'. நிறுத்தோ அளந்தோ பார்க்கவேண்டிய சோற்றுக்கும் தண்ணீருக்கும் 'மச்', 'லெஸ்'. நான் பட்டயம் வாங்கிய பிறகும் குழம்பிக்கொண்டிருந்த விஷயம் இது. அந்தப் பிள்ளைகளுக்கு இனி குழப்பம் வராது, அவர்கள் கையால் எண்ணியிருக்கிறார்கள், தூக்கி நிறுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கற்றார்கள். "பாட்டில்களை நீலத் தொட்டியில் போட்டுவிட்டால் போதுமே" என்று ஒருவன் சொன்னான். நீலத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சிக்கு உதவாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லியிருக்கிறது. உணவும் பானமும் பட்டு, நல்ல பொருளும் கெட்டுப்போவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மிச்சத்தைக் கொட்டி, லேசாக அலசிப் போட்டால்தான் பயன். இதை அவர்கள் செய்முறைக் குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதினார்கள். 'முதலில்', 'அடுத்து', 'கடைசியாக' என்று படிப்படியாகச் சொல்லும் எழுத்து. அந்தக் குறிப்பு இன்றும் நம் சமையற்கட்டுச் சுவரில் இருக்கிறது. பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதியது. இந்த முறை நுரைப்பலகை விற்கவில்லை.

பெரியவர்கள் சொன்ன கதை

அடுத்த வேலை நேர்காணல். சங்கம் தொடங்கிய காலத்தில் நோன்பு துறப்பு எப்படி நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுவரவேண்டும். கேட்பது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில்.

இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் சொன்னார்: "எல்லாரும் தூக்குச்சட்டியோடுதான் வருவோம். கஞ்சியை வாங்கிக்கொண்டு போவோம். பெரிய விருந்து என்றால் சஹன். ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். முடிந்ததும் இளைஞர்கள் கழுவி வைப்போம்." கடலோர ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களுக்குச் சஹன் சாப்பாடு பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நம் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சொல்லே புதிது. 'சஹன்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று திண்டாடினார்கள். "சொல்லை அப்படியே வைத்துக்கொள். அது என்ன என்று அடுத்த வாக்கியத்தில் விளக்கு" என்றார் ஆசிரியை. ஒரு வாக்கியத்தில் விளக்குவதற்கு அவர்களுக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் தமிழும் படித்தார்கள், ஆங்கிலமும் படித்தார்கள்.

அதே பெரியவரிடம் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போதே உங்களுக்குச் சுற்றுப்புறத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையா தாத்தா?" அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் இல்லை புள்ள. தட்டு வாங்கக் காசு இல்லை. அதனால் கழுவினோம்" என்றார்.

அந்தப் பிள்ளை இதை மறைக்காமல் எழுதியிருந்தாள். அவர்கள் வீணாக்கவில்லை, ஏனென்றால் வீணாக்க அவர்களிடம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தாள்: எங்களிடம் இருக்கிறதே, நாங்கள் என்ன செய்வது?

அதைப் படித்தபோது சிறு வயதில் மதரசாவில் கேட்டது என் நினைவுக்கு வந்தது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்து ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஹஜ்ரத் சொல்லிக்கொடுப்பார். இல்லாதபோது சிக்கனமாக இருப்பது பெரிதல்ல, ஆறு நிறைய ஓடும்போது கையை அடக்குவதுதான் பெரிது என்பது இவ்வளவு ஆண்டுகள் கழித்து, ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் கேள்வியால்தான் எனக்கு விளங்கியது.

செயற்குழுவுக்கு ஒரு கடிதம்

கண்டதையெல்லாம் வைத்துச் செயற்குழுவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார்கள். முதல் வரைவு எடுத்த எடுப்பிலேயே 'யூ மஸ்ட்' என்று தொடங்கியது. நீங்கள் பிளாஸ்டிக்கை நிறுத்தியே ஆகவேண்டும் என்று கட்டளை. "நம் தலைவருக்கு உன் வீட்டில் உன் தம்பியிடம் பேசுவது போல எழுதுவாயா?" என்று கேட்டார் ஆசிரியை. 'மஸ்ட்' போய் 'ஷுட்' வந்தது. பிறகு, தாங்கள் உறுதியாகத் தெரிந்துகொள்ளாத இடங்களில் 'குட்' வந்தது. எது கட்டாயம், எது நல்லது, எது செய்து பார்க்கலாம் என்று பிரித்துச் சொல்லப் பழகினார்கள். என் வயதில் உள்ள பலருக்கே இந்தப் பக்குவம் வரவில்லை.

இரண்டாவது வரைவில் பிளாஸ்டிக் தட்டுகளுக்குப் பதிலாகக் காகிதத் தட்டுகளை வாங்கச் சொல்லியிருந்தார்கள். இங்கே நான் வாய் திறக்கவேண்டியிருந்தது. நம் நாட்டில் சாதாரணக் குப்பையில் போடும் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் தட்டும் ஒரே எரிஆலைக்குத்தான் போகின்றன. மக்கும் பொருள் என்று அட்டையில் அச்சடித்திருந்தாலும், மண்ணில் கிடந்து மக்குவதற்கு அதற்கு இங்கே வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஒன்றை வீசிவிட்டு இன்னொன்றை வீசுவதால் பெரிய வித்தியாசம் இல்லை, வீசுவதைக் குறைத்தால்தான் வித்தியாசம். காகிதத் தட்டில் எனக்கு லாபம் கூடுதல். சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் செயற்குழு முன்னால் பத்து நிமிடம் பேசினார்கள். பெரியவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மையான கேள்விகளைக் கேட்டார்கள். "வயதானவர்கள் தண்ணீர்க் கலன் வரை நடந்து வரமுடியுமா?" "சொந்தப் பாத்திரத்தில் கஞ்சி ஊற்றும்போது சிந்தினால் யார் துடைப்பது?" "தட்டுகளை யார் கழுவுவது?" கடைசிக் கேள்விக்கு ஒருவன் வேகமாக, "நாங்கள் எல்லாரும் கழுவுவோம்" என்றான். பக்கத்தில் இருந்த மாணவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்களில் சிலரால் முடியும்" என்று திருத்தினாள். அன்று செயற்குழுவை ஒப்புக்கொள்ள வைத்தது அந்தத் திருத்தம்தான் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்ட கேள்வி

அந்தக் கூட்டத்தின் முடிவில், எப்போதும் பேசாத ஒரு பையன் என் பக்கம் திரும்பினான். ஆங்கிலத்தில்தான் கேட்டான்: "அங்கிள், நாங்கள் குறைவாக வாங்கினால் உங்களுக்கு நஷ்டம்தானே? பிறகு ஏன் விற்கிறீர்கள்? ஏன் எங்களுக்கும் உதவுகிறீர்கள்?"

செயற்குழு முழுவதும் என்னைப் பார்த்தது. 'பிகாஸ்' என்று தொடங்கிவிட்டேன், அடுத்த சொல் வரவில்லை. கிடங்கு மேலாளர் முன்னால் நின்ற அதே வியர்வை.

பிறகு உள்ளதைச் சொன்னேன். ஆமாம், நஷ்டம்தான். இந்த ஒரு நிகழ்ச்சி சிறியது. ஆனால் என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இப்படிச் செய்தால் என் கடை சுருங்கும். என்னை நம்பி இரண்டு ஊழியர்கள் இருக்கிறார்கள். உணவங்காடிக் கடைக்காரர்களுக்கு நாளைக்கும் பெட்டி வேண்டும், நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார். ஆகவே நாளையே கடையை மூடுகிறேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தவறு என்னுடையது. 300 பேருக்குத் தட்டு வேண்டும் என்று கேட்டு வருபவரிடம், "இருக்கட்டும் பாய், பற்றாக்குறை வந்துவிடக் கூடாது" என்று 400 தட்டுகளைத் தள்ளிவிடுவேன். உறை பிரித்த தட்டு மறுநாள் குப்பைக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றேன்.

இப்போது வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை பேர் வருகிறார்கள்? சரியாகச் சொல்லுங்கள்" என்பதுதான். விற்பனை கொஞ்சம் குறைந்திருக்கிறது. வாப்பாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கணக்குச் சரியாக இருந்தால் போதும்" என்றார். அவர் எந்தக் கணக்கைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

வென்றதும் தோற்றதும்

அடுத்த ஆண்டு நோன்பு துறப்பில் பெரிய தண்ணீர்க் கலன்களை வைத்தோம். பாட்டில் கொண்டுவரும்படி முன்கூட்டியே அறிவித்தோம். முதியவர்களுக்கு மட்டும் சிறிய பாட்டில்கள். கஞ்சிக்குப் பலர் சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தார்கள். 340 பாட்டில் 90 ஆகக் குறைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆனால் சோற்றை நிறுத்தபோது 21 கிலோ இருந்தது. முந்திய ஆண்டைவிட இரண்டு கிலோ அதிகம்.

சிலர் அதை அறிக்கையில் சேர்க்கவேண்டாம் என்றார்கள். பொன்விழா நெருங்கும் நேரத்தில் எதற்கு என்று கேட்டார்கள். பிள்ளைகள் சேர்த்தார்கள். காரணத்தையும் தேடினார்கள். வருவதாகப் பெயர் கொடுத்த பலர் வரவில்லை, அவர்களுக்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டியிருந்தது. சோற்றைப் பற்றி நாங்கள் போட்ட கணக்குத் தவறு என்று அறிக்கையின் நடுவில், யார் மேலும் பழி போடாமல் எழுதினார்கள். மூன்று ஆண்டுகளில் அந்த வகுப்பில் நான் படித்த மிகச் சிறந்த ஆங்கிலம் அந்தப் பத்திதான். அடுத்த முறை வராதவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும், பொட்டலமும் சிறியதாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் யோசனை. இன்ஷா அல்லாஹ், நிறுத்துப் பார்ப்போம்.

பெற்றோர்களுக்கு

"இதெல்லாம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு உதவுமா?" என்று கேட்கிறீர்கள். அந்தத் தேர்வின் ஆங்கில எழுத்துத் தாளில் ஒரு சூழலைக் கொடுத்துக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதச் சொல்கிறார்கள். யாருக்கு எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்று உணர்ந்து எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. வாய்மொழித் தேர்வில் தன் கருத்தைக் காரணத்தோடு சொல்லவேண்டும். உண்மையாகவே ஒரு கடிதம் எழுதிப் பதில் வாங்கிய பிள்ளைக்கு இது புதிதல்ல. அதே நேரத்தில், பயிற்சித்தாளை நாங்கள் தூக்கி எறியவில்லை. எழுத்துப்பிழைக்கும் வாசிப்புக்கும் தனி நேரம் இன்றும் உண்டு.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். குழு வேலையில் வாயாடிப் பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிடும், கூச்சப்படும் பிள்ளை தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதலில் எங்களிடமும் அப்படித்தான் நடந்தது. இப்போது வேலைகளை முறை வைத்து மாற்றுகிறோம். ஒவ்வொருவரும் ஒரு பத்தியாவது தானே எழுதவேண்டும், தானே பேசவேண்டும்.

உங்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு.

முதலாவது, பிள்ளையின் செயல்திட்டத்தை நீங்கள் செய்துகொடுக்காதீர்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

இரண்டாவது, பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். முடியாது என்பதும் பதில்தான், ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள். அவர்கள் எழுதிய கடிதத்துக்கு நம் செயற்குழு எழுத்தில் பதில் கொடுத்தது. அந்தப் பதிலைப் பிள்ளைகள் எத்தனை முறை படித்தார்கள் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் பதில் சொல்லாத இடத்தில் செயல்திட்டம் வெறும் வீட்டுப்பாடமாகப் போய்விடும்.

மூன்றாவது, உங்கள் வீட்டிலும் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்குங்கள். பெரிய பேரங்காடிகள் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கின்றன. பை விற்பவன் என்ற முறையில் நான் கவனித்தேன், அதற்கு முன் எவ்வளவு சொல்லியும் கேட்காத என் உம்மாவே இப்போது கைப்பையில் ஒரு துணிப்பையை மடித்து வைத்திருக்கிறார். 5 காசு பெரிய பணமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "பை வேண்டுமா?" என்று யாரோ கேட்கிறார்கள், அவர் ஒரு கணம் யோசிக்கிறார். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்கட்டும். ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிப் பாருங்கள். நமக்கும் பயிற்சிதான்.

அன்பானவர்களே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தூக்குச்சட்டியோடு வந்தவர்கள் இந்தச் சங்கத்தை நமக்கு அமானிதமாகக் கொடுத்தார்கள். வாங்கியபோது இருந்ததைவிடக் கெடாமல் திருப்பிக் கொடுக்கவேண்டியதுதான் அமானிதம். இந்தக் கட்டடத்துக்கும் அது பொருந்தும், இந்தத் தீவுக்கும் பொருந்தும். செமாக்காவ் நிறையும் என்று சொல்லப்படும் ஆண்டில் இந்த முன் வரிசைப் பிள்ளைகளில் சிலர் செயற்குழுவில் இருப்பார்கள். அப்போதும் அவர்கள் எண்ணட்டும், நிறுக்கட்டும், தோற்றால் தோற்றோம் என்று எழுதட்டும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. இன்றைய சாப்பாட்டை எத்தனை பேருக்கு என்று சரியாகக் கேட்டுத்தான் தயார் செய்திருக்கிறார்கள். வாசலில் தராசு இருக்கிறது. பிள்ளைகளும் இருக்கிறார்கள்.